வெளியீடும் விழிப்பும்

மலைநாட்டிலே பிறந்து வளர்ந்த நமக்குத் தேயிலைத் தொழிற்சாலையின் ஒழுங்கை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. காலையிற் கொய்த கொழுந்து நிறுக்கப்படுகின்றது, வாட்டப்படுகின்றது, உருட்டப்படுகின்றது, புளிக்கவிடப்படுகின்றது, சூட்டிலே உலர்த்தப்படுகின்றது, சலித்துத் தரம் பிரிக்கப்படுகின்றது. ஒரு படியிற் பழுது நேர்ந்தால் அடுத்த படி அதனைச் சீர்செய்யாது. ஆதலின் ஒவ்வொரு படியிலும் ஒரு கண் காவல் நிற்கின்றது.

நம் பழைய மாணவர் பலர் கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் ஈடுபட்டிருக்கும் மென்பொருள் தொழிலிலும் இத்தகைய ஒழுங்கு ஒன்று வேரூன்றியுள்ளது. எழுதிய நிரலைப் பொதியாகக் கட்டிப் பயன்படுத்துவோர் கைக்கு விடுவதை அத்தொழிலார் ‘வெளியீடு’ என்பர். முன்னாளில் இஃது ஒருவரின் கைவேலையாகவே இருந்தது. அவர் பதிப்பெண்ணை மாற்றுவார், பரிசோதனைகளை நடத்துவார், மாற்றங்களின் பட்டியலை எழுதுவார், பொதியைக் கட்டிக் களஞ்சியத்தில் ஏற்றுவார். களைத்த கண்ணோடு, நேரம் போய்விட்டதே என்ற பரபரப்போடு செய்யும் வேலையில் ஒரு படி தவறிப்போவது மனித இயல்பே. அவரது கணினியில் நன்கு இயங்கிய பொதி, பிறர் கணினியில் அசையாது கிடந்ததும் உண்டு.

இக்குறையைப் போக்க வந்ததே ‘தொடர் ஒருங்கிணைப்பு’ என்னும் முறை. ஒவ்வொரு மாற்றமும் பொதுக் களஞ்சியத்தைச் சேர்ந்தவுடன், சேர்வர் ஒன்று அதனைப் புதிய, வெறுமையான சூழலிலே அடியிலிருந்து கட்டிப் பரிசோதனைகள் அனைத்தையும் நடத்துகின்றது. ஒன்று தோற்பினும் சிவப்புக் குறி தோன்றும். வேலை அவ்விடத்தே நின்றுவிடும். யாவும் தேறியபின் பொறுப்பாளர் பதிப்பெண்ணை இட்டால், பொதி தானே கட்டுண்டு வெளியே செல்லும். 2001இல் வந்த குரூஸ் கன்ட்ரோல் முதல் இன்றைய ஜெங்கின்ஸ், கிட்ஹப் அக்‌ஷன்ஸ் வரை பல கருவிகள் இதற்கென எழுந்தன. பைதன் மொழிப் பொதிகளின் களஞ்சியமான பைபிஐ, 2023 முதல், நிலையான இரகசியச் சாவி எதுவுமின்றி, பொதி எந்தக் களஞ்சியத்தின் எந்தப் பணியொழுங்கிலிருந்து வருகின்றது என்பதைச் சரிபார்த்தே ஏற்கும் வசதியையும் தந்துள்ளது.

இம்முறையின் பெருமை அதன் விரைவே என்பர் பலர். நாம் அவ்வாறு கருதவில்லை. ‘நில்’ என்ற சொல்லுக்கு வலிமை கொடுத்ததே அதன் பெருமை. பரிசோதனை தோற்றது என்ற செய்தி ஒரு கோப்பில் உறங்குவதில்லை. அது கதவையே அடைத்துவிடுகின்றது.

அவ்வலிமை இல்லாவிடின் என்னாகும் என்பதை அறிய நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையின் சரிவில் மண் நகரக்கூடும், அங்குள்ளோர் அகலவேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடப்பட்டது. சோதனை நடந்தது, முடிவும் சரியாகவே வந்தது. ஆயினும் எந்தக் கதவும் அடைபடவில்லை. லயங்களில் அடுப்புகள் எரிந்தன. பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர். கொழுந்தும் நாள்தோறும் நிறுக்கப்பட்டது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில் மலை இறங்கி வந்து லயங்களை மூடியது. குற்றஞ்சாட்டுவதற்காக நாம் இதனைக் கூறவில்லை. மாற்றிடமின்றி ஏழை மக்கள் எங்கே செல்வர்? அறிதல் வேறு, அறிந்ததன்படி நிற்றல் வேறு. இரண்டையும் பிணைக்கும் ஒழுங்கு இல்லாத இடத்தில் அறிவு வெறுங்காகிதமாகும் என்பதே நம் கருத்து.

இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டால் மனிதன் உறங்கிவிடமாட்டானா என வினவுவோர் உளர். நியாயமான வினாவே. 2024 ஜூலை 19ஆம் நாள் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பழுதான புதுப்பிப்பொன்று ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகளை முடக்கிற்று. அங்கே சரிபார்க்கும் நிரலிலேயே பிழை இருந்தது. அன்றியும், சிலருக்கு முதலில் அனுப்பிப் பார்க்காது யாவர்க்கும் ஒருங்கே அனுப்பினர். அதே ஆண்டு மார்ச்சில், எக்ஸ்இசட் என்னும் பொதியிலே வஞ்சகர் மறைத்த கள்ளவாயில் வெளிப்பட்டது. அதனைத் தூண்டும் வரிகள் யாவரும் காணும் மூலக் களஞ்சியத்தில் இல்லை; வெளியிட்ட பொதியில் மட்டுமே இருந்தன. உள்நுழைய அரை விநாடி மிகுதியாகின்றதே என ஐயுற்ற அந்திரெஸ் பிராயிண்ட் என்னும் பொறியியலாளரே அதனைக் கண்டுபிடித்தார். ஆகவே, காணக்கூடிய மூலத்திலிருந்து யாவரும் அறியும் ஒழுங்கிலே பொதியைக் கட்டவும் வேண்டும். ஐயுறும் கண்ணும் வேண்டும். இயந்திரம் காவலன், எதைக் காக்கவேண்டும் என்று சொல்லவேண்டியவர் நாமே.

நம் நாட்டிலே இதற்கு நல்ல முன்னோடி உண்டு. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்பின் இலங்கையர் ஆக்கிய ‘சகானா’ என்னும் கட்டற்ற மென்பொருள், காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவுசெய்ய உதவிற்று. 2006இல் பிலிப்பைன்சின் மண்சரிவின்போதும் பயன்பட்டது. நம் மாணவரும் அவ்வழியிற் செல்லலாகாதா?

24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 ஆனால் எச்சரிக்கை, 150 ஆனால் வெளியேற்றம் என மண்சரிவுக்கு அளவுகள் வகுக்கப்பட்டுள்ளன. இவற்றைக் கொண்டு தோட்ட மக்களுக்குச் செய்தி அனுப்பும் சிறு மென்பொருளை நம் கல்லூரி மாணவர் ஆக்குவாராக. 149 பெய்தால் அது யாது கூறும்? 150 பெய்தால் யாது கூறும்? மழைமானி வாய் மூடிவிட்டால் ‘மழையில்லை’ என்று பொய் கூறுமா? இவை ஒவ்வொன்றும் ஒரு பரிசோதனையாகட்டும். அவற்றுள் இன்னொன்றும் இருக்கட்டும்: எச்சரிக்கையின் தமிழ் வாசகம் இல்லாத பொதி எதுவும் வாயிலைக் கடத்தலாகாது. பிற்பாடு மொழிபெயர்த்துக்கொள்ளலாம் என்பது எத்துணை ஆபத்தான சொல் என்பதை நள்ளிரவிலே மழைச் சத்தம் கேட்டு விழித்திருக்கும் தாய் அறிவாள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் ஊவாவின் மலைகள் சரிந்து உயிர்களைக் கொண்டன. மலைகளின் இயல்பை நாம் மாற்ற இயலாது. ‘நில்’ என்ற சொல் நிறுத்தும் சொல்லாக இருக்கச் செய்வது நம் கையில் உள்ளது. விழா மலரை மூடிவைக்குமுன் பழைய மாணவராகிய நாம் மேற்கொள்ளவேண்டிய உறுதி இதுவே. அதற்கு வேண்டும் கணினியும் கற்பிக்கும் நேரமும் தருவது நம் கடன்.