மைக்குக்குப் போடும் வேடம்

மும்பையிலும் பெங்களூரிலும் நம் இளைஞர்கள் பலர் இன்று வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்கிறார்கள். சாதாரண மைக்கில் பாடியதை, விலையுயர்ந்த ஜெர்மன் மைக்கில் பாடியது போல் மாற்றித் தரும் கம்ப்யூட்டர் சாப்ட்வேர் அவர்களுக்கு ஆசை காட்டுகிறது. இது நிஜமா? பாதி நிஜம். எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டு பணப்பையைத் திறப்பது நல்லது.

எந்த மைக்கும் உள்ளதை உள்ளபடியே கேட்பதில்லை. ஒன்று கீழ்ஸ்தாயியைக் கனமாக்கும். மற்றொன்று 'ஸ' ஓசையைக் கூர்மையாக்கும். 1967-ல் வெளிவந்த நியூமன் யூ 87 போன்றவற்றுக்கும் இப்படித் தனிக்குணம் உண்டு. எதிரொலி இல்லாத அறையில் பல கோணங்களிலிருந்தும், பல தூரங்களிலிருந்தும் ஒலி எழுப்பி, அந்தக் குணத்தை அளந்து வைத்துக்கொள்கிறார்கள். பிறகு கம்ப்யூட்டர் நம் மைக்கின் குணத்தைக் கழித்து, அந்த மைக்கின் குணத்தைக் கூட்டுகிறது. அமெரிக்காவின் அன்டாரஸ் கம்பெனி 2000-ஆம் ஆண்டு வாக்கிலேயே இத்தகைய சாப்ட்வேரை விற்றது.

ஆனால் மைக்குக்குத் திசையும் உண்டு. முன்னால் பாடுபவரை ஒரு விதமாகவும், பின்னால் சுற்றும் மின்விசிறியை வேறு விதமாகவும் அது கேட்கிறது. இரண்டும் ஒரே ஒலியாகக் கலந்து பதிவாகிவிட்டால், எது எங்கிருந்து வந்தது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதனால்தான் டவுன்சென்ட் லேப்ஸ் கம்பெனி உருவாக்கிய ஸ்பியர் மைக், முன்புறமும் பின்புறமும் கேட்பதை இரண்டு தனிப் பதிவுகளாகத் தருகிறது. அந்த வசதி வேண்டுமானால் அதற்கென்றே செய்த மைக்கையும் வாங்கியாக வேண்டும். வெறும் சாப்ட்வேர் போதாது.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? மலிவு மைக் வாங்காமல் விட்ட நுணுக்கத்தைக் கணக்குப் போட்டு வரவழைக்க முடியாது. மெலிந்த ஒலியைத் தூக்கினால் கூடவே இரைச்சலும் எழும்.

ஆகவே இளைஞர்களுக்கும், அவர்களை ஊக்குவிக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் நாம் சொல்வது இதுதான்: முதலில் விசிறியை நிறுத்துங்கள். சன்னலைச் சாத்தி, கனத்த திரை போடுங்கள். மைக்குக்கு ஒரு சாண் தள்ளி நின்று பாடிப் பாருங்கள். கைக்காசு மிஞ்சினால் சாப்ட்வேர் வாங்கலாம், தவறில்லை. வெளிமாநிலத்தில் வளரும் பிள்ளைகள் லகரமாக உச்சரிக்கும் ழகரத்தைத் திருத்த மட்டும் எந்த நியூமன் வேடமும் உதவாது. அதற்கு வாத்தியார்தான் வேண்டும்.