சாமியைச் சுவரோடு சாத்தாதீர்கள்

நம்மூர் அருங்காட்சியகங்களுக்குக் கண்ணாடிப் பெட்டி செய்பவர்கள் அறிந்த ஒரே எதிரி திருடன். பூட்டு உறுதியா, கண்ணாடி தடிமனா... சரி, சுவரோடு தள்ளு, வேலை முடிந்தது! உள்ளே இருப்பவர் உற்சவர் என்பதை எத்தனை பேர் யோசிக்கிறார்கள்?

உற்சவர் ஊர் சுற்றுவதற்கென்றே வார்க்கப்பட்டவர். பீடத்தைக் கவனியுங்கள், கட்டித் தூக்குவதற்கான வளையமோ துளையோ இருக்கும். எங்கள் கன்னிவாடிப் பக்கத்திலிருந்து தைப்பூசத்துக்குப் பழனி போகிறவர்கள் முத்துக்குமாரசுவாமியைத் தேரில் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு திருமேனியை இடுப்பளவு மேடையில் வைத்துக் குனிந்து பார் என்றால் என்ன நியாயம்?

முதுகுப் பக்கத்தை மறைப்பது அதைவிடக் கொடுமை. சோழர் காலச் செப்புத்திருமேனிகளில் தலைக்குப் பின்னே சிரச்சக்கரம், தோளில் இறங்கும் சுருள்முடி, ஆடையின் முடிச்சு என்று ஸ்தபதி பின்புறத்தையும் விட்டுவைத்ததில்லை. நான் போன ஓர் இடத்தில் (பெயர் எதற்கு, விடுங்கள்) பெட்டிக்குப் பின்னால் சுவர், முன்னால் ட்யூப்லைட். கண்ணாடியில் என் முகம்தான் நன்றாகத் தெரிந்தது! சென்னை அருங்காட்சியகத்தின் திருவாலங்காட்டு நடராசரைப் புகைப்படங்களில் மட்டுமே பார்த்த பிரெஞ்சுச் சிற்பி ரொதான், அதன் பக்கவாட்டுத் தோற்றத்தைப் பற்றியும் எழுதினார். நேரில் போகும் நமக்கு அந்தக் கொடுப்பினை கூட இல்லாமல் போகலாமா?

அடுத்தது பெட்டிக்குள் இருக்கும் காற்று. மண்ணில் புதைந்து கிடந்து எடுக்கப்பட்ட சிலைகளில் உப்பின் குளோரைடு ஒட்டியிருக்கும். ஈரம் பட்டால் அது வெளிர்பச்சைப் பொடியாகக் கிளம்பி உலோகத்தை அரிக்கும். வெண்கல நோய் என்பது இதுதான். ஈரப்பதம் 40 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. சென்னைக் கடற்காற்றில் 70 சர்வசாதாரணம். போதாததற்கு, மலிவாகக் கிடைக்கிறது என்று பிளைவுட்டில் பெட்டி செய்தால், அதிலிருந்து கசியும் அமில ஆவி மூடிய பெட்டிக்குள்ளேயே சுற்றும். பூட்டி வைத்துக் கொல்வது என்பது இதைத்தான்.

செலவாகும் என்பார்கள். சிலிகா ஜெல் என்ன தங்க விலையா? சிலையைத் தொடாமலே மாற்றும்படி அடியில் ஒரு தட்டு போதும். அறிவுக்கும் பஞ்சமில்லை, எழும்பூரில் வேதியியல் பாதுகாப்புக் கூடம் 1930லேயே வந்துவிட்டது.

ஸ்ரீபுரந்தானில் திருடுபோன நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008ல் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது, 2014ல் திருப்பித் தந்தது. "அங்கேயே இருந்திருந்தால் பத்திரமாக இருந்திருக்கும்" என்று நம்மவர்களே சொல்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஆனால் அந்தப் பேச்சுக்கு இடம் கொடுப்பது யார்?

அடுத்த முறை டெண்டர் விடும்போது தச்சரோடு ஒரு வேதியியலாளரையும் ஒரு ஸ்தபதியையும் உட்கார வையுங்கள். பெட்டியைச் சுவரிலிருந்து நாலடி தள்ளிப் போடுங்கள் ஐயா, நாங்கள் ஒரு சுற்று சுற்றி வருகிறோம்.