சித்திரை வெயிலில் போர்வை கேட்கிறாரா?

"என்னங்க இது? ஊரே வெந்துக்கிட்டு இருக்கு, நீங்க போர்வையைத் தேடுறீங்க!"

சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி எடுத்துக்கொள்பவரின் வீட்டில் இப்படி ஒரு பேச்சு வந்தால், அதைச் சிரித்துவிட்டு மறந்துவிடக் கூடாது. குளிர் தாங்கவில்லை, பகலிலும் தூக்கம், மலச்சிக்கல், முகத்தில் ஊதல், சாப்பாடு குறைந்தும் எடை ஏறுகிறது... இவையெல்லாம் தைராய்டு சுரப்பு குறைந்ததால் வரக்கூடியவை. வீட்டில் இருப்பவர்களுக்கோ, 'நோய் முற்றிவிட்டதோ' என்றுதான் முதலில் தோன்றும். அந்தப் பயத்திலேயே டாக்டரிடம் வாய் திறக்க மாட்டார்கள்.

தைராய்டு இருப்பது கழுத்தில். சிறுநீர்ப்பை இருப்பது அடிவயிற்றில். இரண்டையும் இங்கே இணைப்பது மருந்து.

நம் உடம்பின் காவல்காரர்களான டி செல்கள் சொந்த உறுப்புகளையே தாக்கிவிடாமல் இருக்க ஒரு பிரேக் உண்டு. அதன் பெயர் பிடி-1. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தசுகு ஹோன்ஜோவின் ஆய்வகம் 1992-ல் இந்தப் புரதத்தைக் கண்டறிந்தது. 2018-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. புற்றுநோய் செல்கள் இந்த பிரேக்கை அழுத்தித்தான் தப்பித்துக்கொள்கின்றன. பெம்புரோலிசுமாப் போன்ற மருந்துகள் பிரேக்கை விடுவித்துவிடும். டி செல்கள் புற்றுநோயைத் துரத்தும். சிலருக்குப் போகிற போக்கில் தைராய்டையும் தாக்கிவிடும். சிகிச்சை பெறுபவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இப்படிச் சுரப்பு குறைகிறது.

இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. அடிபட்ட சுரப்பி, சேர்த்து வைத்திருந்த ஹார்மோனை முதலில் ரத்தத்தில் கொட்டிவிடும். அதனால் முதல் சில வாரங்கள் படபடப்பு, கை நடுக்கம், எடை குறைவு என்று தலைகீழாகத் தெரியலாம். சிலருக்கு இந்தக் கட்டம் தெரியாமலே கடந்துவிடும். இருப்பு தீர்ந்த பிறகுதான் போர்வை தேடும் கட்டம் வருகிறது. அதனால்தான் சிகிச்சை தொடங்கும் முன்பும், பிறகு சில வாரங்களுக்கு ஒரு முறையும் டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 பரிசோதனைகள் எழுதிக் கொடுக்கிறார்கள். 'போன மாசம்தானே பார்த்தோம்' என்று அதைத் தவிர்ப்பது தவறு.

குறைவு உறுதியானால் லெவோதைராக்சின் மாத்திரைதான். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன். காபி அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். பெரும்பாலானவர்கள் இதைத் தொடர்ந்து சாப்பிட வேண்டியிருக்கும். ஆறுதலான விஷயம், இதற்காகப் புற்றுநோய் மருந்தை நிறுத்த வேண்டிய நிலை பொதுவாக வருவதில்லை.

நம் வீடுகளில் நடக்கக்கூடிய ஒன்று: மனைவிக்கு ஏற்கெனவே தைராய்டு இருக்கும். 'அதே மாத்திரைதானே' என்று அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இது ஆபத்து. இதே மருந்து பிட்யூட்டரியையோ அட்ரீனலையோ கூடத் தாக்கி, கார்டிசாலைக் குறைத்திருக்கலாம். அந்த நிலையில் முதலில் ஸ்டீராய்டு கொடுக்காமல் தைராய்டு மாத்திரையைத் தொடங்கினால் உயிருக்கே சிக்கல். மிகுந்த சோர்வோடு தலைசுற்றலும் வாந்தியும் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சரி, தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வருமா? பலருக்கும் இருக்கும் பயம் இது. தைராய்டு ஹார்மோன் புற்றுநோய் செல்களை எப்படிப் பாதிக்கிறது என்று ஆய்வகங்களில் ஆராய்கிறார்கள். ஆனால் மாத்திரையால் இந்த நோய் வரும் என்று நிரூபிக்கப்படவில்லை. பயந்து நிறுத்தினால் கெடுவது தைராய்டுதான். இந்தப் புற்றுநோயின் முதல் குற்றவாளி புகை. ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணம் அதுவே.

முதல் அறிகுறி பெரும்பாலும் வலியே இல்லாமல் சிறுநீரில் வரும் ரத்தம். பீட்ரூட் சாப்பிட்ட மறுநாளும் சிவப்பாகப் போகலாம், கல்லோ கிருமித்தொற்றோ கூட இருக்கலாம். ஆனாலும் ஒரே ஒரு முறை ரத்தம் வந்து, தானாக நின்றுவிட்டாலும் சிறுநீரக மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.