கணக்கு ஆப்பா, பெற்றோருக்கு ஆப்பா?

தோழர்களே, உங்க வீட்டுல ரெண்டாவது, மூணாவது படிக்கிற பிள்ளை இருந்தா, அதோட கணக்கு வீட்டுப்பாட நோட்டை எடுத்துப் பாருங்க. எத்தனையோ தனியார் பள்ளிகளில் அந்த நோட்டு காலியாகத்தான் கிடக்கிறது. வீட்டுப்பாடம் செல்போன் ஆப்புக்குப் போயாச்சு. கேட்டா, "இது டிஜிட்டல் காலம்" என்கிறார்கள்.

சரி, அந்த டிஜிட்டல் என்ன கிழிக்குதுன்னு பார்ப்போம்.

52-இல் இருந்து 27-ஐக் கழிக்கணும். பிள்ளை 35 என்று போடுது. நோட்டுல இருந்தா டீச்சருக்கு ஒரு பார்வையிலேயே புரிஞ்சிடும்: 2-ல 7 போகாதுன்னு, பிள்ளை 7-ல இருந்து 2-ஐக் கழிச்சிருக்கு. கடன் வாங்கிக் கழிக்கத் தெரியல. மறுநாள் காலையில பத்துப் பத்தா கட்டின தீக்குச்சியில ஒரு கட்டைப் பிரிச்சுக் காட்டினா, அஞ்சு நிமிஷத்துல வேலை முடிஞ்சுது.

ஆப்புல? நாலு விடை இருக்கும். ஒண்ணை அமுக்கினா சிவப்பு. இன்னொண்ணை அமுக்கினா சிவப்பு. மூணாவதுல பச்சை, ஒரு நட்சத்திரம், கைதட்டல் சத்தம். 'வீட்டுப்பாடம் முடிந்தது' என்று அப்பா போனுக்கு மெசேஜும் வந்துடும். பிள்ளைக்குக் கழித்தல் வந்ததா? அதை யார் கேட்டா! விடை தப்பானா படிப்படியா விளக்கம் சொல்லும் நல்ல ஆப்களும் இருக்கு, மறுக்கல. ஆனா பிள்ளை எந்த இடத்துல தடுமாறுச்சுன்னு தெரிய, அது கைப்பட எழுதின வரிகள் வேணும்.

அடுத்து, யாருடைய போன்? டெலிவரிக்குப் போற அப்பா ராத்திரி பத்து மணிக்கு வீடு திரும்பினாத்தான் அந்த வீட்டுக்குப் போன் வரும். அதுவரைக்கும் பிள்ளை தூங்காம உட்கார்ந்திருக்கணுமா? கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் சேர்ந்த பிள்ளையும் அதே வகுப்பில்தான் இருக்கு. படிப்புக்குத் தடையாகும் எந்தக் கட்டணமும் செலவும் அந்தப் பிள்ளை தலையில் விழக் கூடாது என்கிறது 2009-ஆம் ஆண்டுச் சட்டம். அப்போ ஆப் சந்தா, டேட்டா பேக் எந்தக் கணக்குல வருது? நோட்டுக்கும் பென்சிலுக்கும் இன்னைக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆன்லைன் கோச்சிங்குக்கோ 18 சதவீதம். வரி இல்லாத நோட்டை மூடி வச்சுட்டு, வரி கட்டிப் படிக்கச் சொல்றாங்க!

இன்னொண்ணு. 1, 2-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கூடாதுன்னு 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு ஒன்றிய அரசும் சுற்றறிக்கை விட்டது. இப்போ நோட்டுல கொடுத்தா மாட்டிக்குவோம்னு, 'பயிற்சி', 'விளையாட்டு'ன்னு பேரு மாத்தி ஆப்புல கொடுக்கிறார்கள்.

பிள்ளையோட விவரம் எங்கே போகுதுன்னு கேட்டிருக்கீங்களா? 2022-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 49 நாடுகளில் 164 கல்வி ஆப்களையும் தளங்களையும் ஆராய்ந்தது. பத்துக்கு ஒன்பது அளவில் குழந்தைகளின் உரிமைக்குக் கேடு செய்யும் வகையில் தகவலைக் கையாண்டன. நம்ம ஒன்றிய அரசின் தீக்‌ஷா ஆப்பும் அந்த ஆய்வுல சிக்கியது. தனியார் மட்டும்தான் தப்புன்னு நாங்க சொல்லல.

ஆசிரியர்களைக் குறை சொல்லவும் வரல. நாற்பது நோட்டைத் திருத்த நேரம் கொடுக்காத நிர்வாகம்தான் ஆப்பைக் காட்டித் தப்பிக்குது. வாய்ப்பாடு பழக விருப்பப்பட்ட வீட்டுல ஆப் வச்சுக்கட்டும். பள்ளி அதைக் கட்டாயமாக்கக் கூடாது, அதுக்கு மார்க் போடக் கூடாது, காசு வாங்கவே கூடாது. இதுதான் நம்ம கோரிக்கை. பள்ளிக் கல்வித் துறை இதை எழுத்துப்பூர்வமான உத்தரவாகப் போடணும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துல, "ஆப் கட்டாயமா? கட்டாயம்னா எழுதிக் கொடுங்க" என்று கேளுங்க. என்ன பதில் வந்ததுன்னு கீழே கமெண்ட்ல போடுங்க. பள்ளிப் பேரும் பிள்ளைப் பேரும் வேண்டாம். வகுப்பு, மாவட்டம், ஆப்புக்கு எவ்வளவு கட்டினீங்க, இது போதும்.

#கணக்கு_நோட்டு_எங்கே