நெற்றி ஸ்டிக்கர் சொல்லும் கணக்கு

பி.காம். படித்தவனுக்கு மூளையைப் பற்றி என்ன தெரியும் என்கிறீர்களா? எனக்குத் தெரிந்தது வரவு செலவு. உடம்பு எடையில் மூளை சுமார் 2 சதவிகிதம்தான். ஆனால், பெரியவர்களின் ஆக்ஸிஜன் செலவில் சுமார் 20 சதவிகிதம் அதற்கே போகிறது. சின்னக் குழந்தைகளுக்கு இன்னும் ஜாஸ்தி. சேமிப்பு என்று ஒன்றும் கிடையாது. சப்ளை நின்றால் சில நிமிஷங்களில் திவால்!

ஒரு குழந்தைக்கு செப்ஸிஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிருமியை எதிர்க்கப் போன உடம்பு, நிதானம் இழந்து தன் உறுப்புகளையே பதம் பார்க்கும் நிலை. ரத்த ஓட்டம் தடுமாறும். அப்போதும் விரலில் மாட்டிய கிளிப் '98' என்று காட்டலாம். அது பொய்யில்லை. லாரியில் சரக்கு இருக்கிறது என்கிறது, அவ்வளவுதான். சரக்கு கடைக்கு வந்து சேர்ந்ததா? அது வேறு கணக்காச்சே, சார்!

அதைப் பார்க்கத்தான் நெற்றியில் ஒரு ஸ்டிக்கர். (பொட்டு இல்லை, சென்ஸார்!) அகச்சிவப்பு ஒளியில் ஒரு வகை, மண்டை ஓட்டையும் ஊடுருவும் என்று 1977-ல் ஃபிரான்ஸ் யோப்ஸிஸ் என்ற விஞ்ஞானி காட்டினார். ஆக்ஸிஜன் ஏற்றிய ரத்தம் அந்த ஒளியை ஒரு மாதிரி விழுங்கும்; இறக்கிவிட்ட ரத்தம் வேறு மாதிரி. திரும்பி வரும் ஒளியை வைத்து மெஷின் கணக்குப் போடுகிறது. ஊசி இல்லை, வலி இல்லை.

எண் சாதாரணமாக 60-லிருந்து 80 வரை இருக்கும். இறங்கினால் மூளைக்குப் பற்றாக்குறையோ என்று டாக்டர்கள் உஷாராவார்கள். ரொம்ப ஏறினாலும் கொண்டாட முடியாது. பந்தியில் சாப்பாடு மிஞ்சினால் சமையல் தாராளம் என்றும் சொல்லலாம். விருந்தாளி சாப்பிடவே இல்லை என்றும் சொல்லலாம்!

2023-ல் வெளியான ஓர் ஆய்வில், மிகக் குறைமாதத்தில் பிறந்த 1,601 குழந்தைகளைக் கவனித்தார்கள். இந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து வைத்தியம் செய்தும், மரணமோ கடுமையான மூளைப் பாதிப்போ குறையவில்லை. அது செப்ஸிஸ் ஆய்வு இல்லைதான். ஆனாலும் பாடம் ஒன்றே. மீட்டர் கேள்வி கேட்கும். பதிலை டாக்டர்தான் தேட வேண்டும்.

ஐ.சி.யூ. மெஷினுக்கு முன்னால் வீட்டிலேயே ஒரு மானிட்டர் உண்டு. அம்மா! காய்ச்சல் குழந்தை எழுப்பினாலும் சரியாக முழிக்கவில்லை, மூச்சு வாங்குகிறது, கை கால் சில்லிட்டிருக்கிறது, மூத்திரம் குறைந்துவிட்டது. 'என்னமோ சரியில்லைங்க' என்று அந்த அம்மா சொன்னால், தயவுசெய்து 'காலையில பாத்துக்கலாம்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.