கல்லுடற் புழு

புழுவென்றால் அருவருத்து ஒதுங்குவோர் நம் மாணாக்கருட் பலர். விலங்கியல் பயில்வோருங்கூடப் பட்டுப்புழுவின் படத்தை ஏட்டில் வரைந்து, உறுப்புகளின் பெயரைக் குறித்துத் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். இவ்வழக்கம் நீங்கவேண்டுமென்பது நம் கருத்து.

பட்டுப்புழு இனங்களுள் 'ஸ்டோனி' எனப் பெயர்பெற்ற ஒன்றுண்டு. கல்லையொத்தது என்பது அதன் பொருள். தொட்டால் உடல் இறுகிக் கடினமாயிருக்கும். கண்டங்களுக்கு இடையேயுள்ள மடிப்புகள் புடைத்து நிற்கும். தோல் தடித்து உரம்பெற்றமையால் இங்ஙனம் ஆயிற்றென்றே எவரும் எண்ணுவர். உண்மையோ இதற்கு நேர்மாறு. மேற்றோற் புரதம் ஒன்றை ஆக்கும் மரபணுவில் ஒரு பகுதி இப்புழுவில் அற்றுப்போயிருப்பதைச் சீன நாட்டு ஆராய்ச்சியாளர் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கைட்டினைப் பற்றிக்கொள்ளவேண்டிய அப்புரதம் செயலற்றமையால் தோலிற் கைட்டின் குறைகிறது. தோல் நீண்டுகொடுக்கும் தன்மையை இழக்கிறது. பட்டுப்புழுவோ நான்கு வாரத்திற்குள் எடையில் ஏறத்தாழ 10,000 மடங்கு பெருகுவது. உள்ளுறுப்புகள் வளர்கின்றன, உறை விரிய மறுக்கிறது. நலிந்த தோலே உடலைக் கல்லாக்கிவிட்டது!

எலும்பில்லாத புழுவுக்குத் தோலே எலும்பு. தசைகள் பற்றியிருப்பதும், உள்ளிருக்கும் நீர்மத்தை அழுத்தத்தோடு தாங்குவதும் அதுவே. மடிப்புகள் சுருங்கி விரிந்தாலன்றிப் புழு ஊர்தல் இயலாது. ஆகவே உடலமைப்பை ஒரு பாடமாகவும் இயக்கத்தை வேறொரு பாடமாகவும் பிரித்துக் கற்பிப்பது பொருந்துமோ?

2014-ஆம் ஆண்டிற் பல்கலைக்கழக மானியக் குழு விலங்கறுவையை விலக்கியதை நாம் வரவேற்கிறோம். தவளைகளும் வரவேற்றிருக்கும். ஆயினும் கத்தியிருந்த இடத்திற் கணினிப் படம் மட்டுமே வந்தமர்தல் போதாது. பழ ஈக்களில் 'டப்பி' என்னும் திடீர் மாற்றம் உண்டு. இதுவும் மேற்றோற் புரதத்தின் பிழையே. புழு குட்டையாய்ப் பருத்திருப்பது வெறுங்கண்ணுக்கே புலப்படும். இவ்வீக்களையும் இயல்பான ஈக்களையும் சில புட்டிகளில் வளர்த்தல் அரிதன்று. இருவகைப் புழுக்களையும் அகார்த் தட்டில் அருகருகே விட்டு, நிமிடத்திற்கு எவ்வளவு தூரம் ஊர்கின்றன என்று மாணாக்கரே அளந்து குறிக்கட்டும். ஒருவர் கணக்கு மற்றொருவர் கணக்கோடு ஒவ்வாதாயின், வாதாடி மீண்டும் அளக்கட்டும்.

செலவைக் காரணங்காட்டுவோர்க்கு ஒன்று கூறுவோம்: இவ்வீக்களின் உணவுக்கு வேண்டுவன மக்காச்சோள மாவு, வெல்லம், ஈஸ்டு, அகார், பூஞ்சணம் பிடியாதிருக்கச் சிறிது மருந்து, இவ்வளவே. விடுதிச் சமையற்காரரைக் கேட்டால் முதலிரண்டையும் இன்றே தருவார்.