வேலிக்கால் அடிக்கும் யந்திரம்

தாராபுரத்துப் பக்கம் மேட்டுநிலம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், நியூஸீலாந்து ஆட்டுப்பண்ணை ஒன்றில் வேலி போடும் காட்சியைக் கைப்பேசியில் கண்டாராம். டிராக்டரின் பின்னால் பூட்டிய நெடிய இரும்புச் சட்டத்தில் கனத்த எஃகுக் குண்டு ஏறுவதும் விழுவதுமாக இருக்க, ஆளுயரம் நின்ற மரக்கால் சில அடிகளிலேயே மார்பளவாகக் குறைந்துவிட்டதைப் பார்த்தது முதல் அவருக்கு வேறு நினைவே இல்லை. “ஏனுங்க, இதுல ஒண்ணு வாங்கிப் போட்டுட்டா, கடப்பாரை பிடிக்க ஆள் தேடி அலைய வேண்டாமுங்களே?” என்று என்னிடம் அபிப்பிராயம் கேட்டார்.

அந்த யந்திரத்தின் மகிமையை நான் மறுப்பவன் அல்லன். குழி தோண்டிக் கால் நடும்போது, வெட்டியெடுத்த மண்ணை எவ்வளவு பிரயாசைப்பட்டு இடித்து நிரப்பினாலும், அது பழைய இறுக்கத்தை லேசில் அடைவதில்லை. அடித்து இறக்கும்போதோ மண் எங்கும் போவதில்லை, காலுக்கு வழிவிட்டு நாற்புறமும் ஒதுங்கி நெருக்குண்டு, அந்த நெருக்கத்தினாலேயே காலைக் கவ்விக்கொள்கிறது. ஆதலால்தான் நியூஸீலாந்தில், செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்தை அழுத்தத்தில் ஏற்றிப் பதப்படுத்திய பைன் மரக்கால்களை, மெல்லிய முனை கீழாக நிறுத்தி, 1.8 மீட்டர் நீளத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு மண்ணுக்குள் போகும்படி அடித்துவிட்டு, காத்திராமல் கம்பியை இழுத்து முறுக்க முடிகிறது. அந்நாட்டில் 1978-ஆம் வருஷத்து வேலிச் சட்டம், பொது எல்லையில் தக்கதொரு வேலி போடும் செலவை அண்டைக்காரர் இருவரும் பொதுவாகச் சரிபாதி ஏற்க வேண்டும் என்கிறது. வரப்பை ஒரு சாண் நகர்த்தியதற்காகத் தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டுப் படி ஏறிய குடும்பங்களை அறிந்த நமக்கு, யந்திரத்தைக் காட்டிலும் அந்தச் சட்டத்தின்மேல் ஆசை பிறந்தாலும் தவறில்லை.

வாங்க நினைப்பவர் முதலில் விசாரிக்க வேண்டியது குண்டின் எடையை. விற்பவர் இரும்புச் சட்டத்தின் உயரத்தைக் காட்டி மயக்கப் பார்ப்பார். 200 கிலோ குண்டை 3 மீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டாலும், 300 கிலோ குண்டை 2 மீட்டரிலிருந்து விழவிட்டாலும், கிடைக்கும் சக்தி ஏறக்குறைய 5,900 ஜூல் என்று கணக்கு ஒன்றாகவே வரும். ஆயினும் முன்னது காலின் தலையில் மோதும் வேகம் விநாடிக்கு 7.7 மீட்டர், பின்னதற்கு 6.3 மீட்டர்தான். வேகம் மிகுந்த அடி மரத்தின் தலையைப் பிளந்து நார்நாராக்கும். கனத்த குண்டு தாழ இருந்து விழுந்தால், தலையைச் சிதைக்காமல் காலைத் தள்ளிக்கொண்டு இறங்கும். ஆகவே எடை மிகுந்ததையே நான் சொல்வேன். ஆனால் அந்த எடையைச் சுமப்பது டிராக்டர் என்பதை மறந்துவிடலாகாது. சிறிய டிராக்டரின் பின்னால் அளவுக்கு மீறிய பாரத்தைப் பூட்டினால், முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பி, ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி திரும்பாத அபாயம் உண்டு.

அடுத்த விசேஷம், டிராக்டர் சரிவில் கோணலாக நின்றபோதிலும் சட்டத்தை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாய்த்து, தூக்குக்குண்டு பிடித்தாற்போல் நேராக்கிக்கொள்ளும் வசதி. இது இல்லாத யந்திரம் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஏனெனில் முதல் இரண்டு மூன்று அடிகளுக்குள் திருத்தாத கோணலைப் பிறகு திருத்தப் புகுந்தால், மண்ணின் பிடி தளர்ந்து, அடித்ததன் பயனே போய்விடும். காலை நிறுத்திப் பிடிக்கக் கவ்வியும் வேண்டும். விழுகிற குண்டின் கீழ் மனிதன் கைகொடுத்து நிற்பது எந்தத் தேசத்திலும் நியாயமாகாது. இரும்புக் கால்களுக்கென்று, ஒரு முனை அடைத்த குழாயில் இருபுறமும் பிடிவைத்த எளிய கைக்கருவியும் உண்டு. குழாய் காலின் தலையை விட்டு வெளியே வருமளவுக்குத் தூக்காதிருந்தால் போதும், சொற்ப வேலைக்கு அதுவே சௌகரியம்.

இவ்வளவையும் நண்பரிடம் விஸ்தாரமாகச் சொல்லிவிட்டு, “உங்கள் காட்டில் நிற்கிறவை என்ன கால்கள்?” என்று கேட்டேன். பாதி கல்லுக்கால், பாதி சிமெண்டுக்கால் என்றார். கருங்கல்லில் பிளந்தெடுத்த காலின் தலையில் 300 கிலோ குண்டு விழுந்தால் கால் மண்ணில் இறங்காது, இரண்டாகும். மெலிந்த சிமெண்டுக்காலோ தலை நொறுங்கி உள்ளே இருக்கும் கம்பியைக் காட்டும். கட்டட அஸ்திவாரத்துக்குக் கான்கிரீட் தூண்களை அடித்து இறக்குவதில்லையா என்று கேட்பார் உண்டு. அவை அதற்கென்றே கம்பி நெருக்கி வார்த்த பருத்த தூண்கள், அவற்றின் தலைமேல் மெத்தைபோல் மரம் வைத்துத்தான் அடிக்கிறார்கள். மரக்காலுக்கும் இரும்புக் காலுக்கும் பிறந்த யந்திரத்தை நம் கல்லுக்காலின் முன் கொண்டுவந்து நிறுத்துவது, பணத்தைப் போட்டுத் தூளை வாங்குகிற வியாபாரம். கரையானுக்குத் தப்பிய மரக்கால் நம் பிரதேசத்தில் எளிதாய்க் கிடைக்கும் காலம் வந்தால் இதைப் பற்றி மறுபடி பேசலாம்.

தவிரவும், மேலே ஓரடி செம்மண்ணும் அதற்குக் கீழே சுக்கான்பாறையுமாகக் கிடக்கும் அந்த மேட்டில், மரக்காலே ஆனாலும் பாதியில் திகைத்து நிற்கும். ஆகையால், டிராக்டரில் பூட்டும் குழி போடும் மிஷினை வாடகைக்கு அமர்த்தி, மண் இருக்கும் மட்டும் அதனால் துளைத்து, பாறை முட்டும் இடத்தில் மட்டும் கடப்பாரையைத் தொடுங்கள் என்றேன். மிச்சப்படும் பணத்தை மூலைக்கால்களில் போடச் சொன்னேன். முறுக்கிய கம்பி இழுக்கிற இழுப்பையெல்லாம் தாங்குபவை அவைதாம், இடைக்கால்களுக்குக் கம்பியை ஏந்தி நிற்பதைத் தவிர அதிக வேலை இல்லை. மூலைக்கு மூன்றடி ஆழமும், கம்பி போகும் திசையில் சாய்த்து நிறுத்திய முட்டுக்கால் ஒன்றும், அடியில் ஜல்லி போட்டு இடித்த காங்கிரீட்டும் இருக்கட்டும். காங்கிரீட்டு நன்றாக இறுகும் வரையில் கம்பி முறுக்கும் ஆளை ஊருக்குள் விடவேண்டாம்.